மாம்புரிக் கரையைக் கடந்துபோன இப்னு பதூதா

எனக்கு ஊர் சுற்றுவதில் தீராத ஆசை. கையில் நாலு காசு சேர்ந்தால் எந்த நாட்டுக்குப் போகலாம் என்றுதான் மனம் கணக்குப் போடும். மாம்புரியில் இல்லாத கடலும் காற்றுமா அங்கே இருக்கிறது என்று வீட்டில் கேட்பார்கள். அப்போதெல்லாம் நான் துணைக்கு அழைப்பது இப்னு பதூதாவைத்தான். நம்மில் பலர் பாடசாலையில் அவருடைய பெயரைக் கேட்டதோடு சரி. இலங்கையில் அவர் வந்திறங்கிய இடம் நம்முடைய புத்தளம் என்பதைச் சொன்னால் நம் பிள்ளைகளே வியப்பாகப் பார்க்கிறார்கள்.

மொரோக்கோவின் தாஞ்சியர் நகரில், காழிகள் வந்த குடும்பமொன்றில், 1304இல் பிறந்தவர். 1325இல், 21 வயதில், ஹஜ்ஜை நாடித் தன்னந்தனியாக வீட்டை விட்டுப் புறப்பட்டார். ஹஜ் முடிந்தும் ஊர் திரும்ப மனம் வரவில்லை. ஈராக், பாரசீகம், யெமன், கிழக்கு ஆபிரிக்கா, கொன்ஸ்தாந்திநோபிள் என்று சுற்றி டில்லிக்கு வந்து, முஹம்மத் பின் துக்ளக்கின் ஆட்சியில் காழியாக இருந்தார். சம்பளமும் உயிர்ப்பயமும் சேர்ந்தே கிடைத்த பதவி அது. சீனாவுக்குத் தூதராகப் புறப்பட்டவரின் கப்பல்கள் கள்ளிக்கோட்டையில் புயலில் சிக்கி அழிந்தன. பின்னர் மாலைதீவில் காழியானார்.

1344இல் மாலைதீவிலிருந்து புறப்பட்டபோது அவர் போக நினைத்தது மஃபர் எனப்பட்ட தமிழகக் கரைக்கு. காற்றுதான் கப்பலை இந்தப் பக்கம் தள்ளிவிட்டது. புத்தளத்துக்குக் கப்பலில் வர வேண்டுமானால் கற்பிட்டி முனையைச் சுற்றிக் களப்புக்குள் நுழைய வேண்டும். ஆகவே எங்கள் கரையைப் பார்த்தபடிதான் போயிருப்பார் என்று நினைத்துக்கொள்வதில் எனக்கொரு சந்தோஷம். இன்று மாம்புரியில் காற்றாலைகளைச் சுழற்றுவதும் அதே கடல் காற்றுதானே!

இந்தத் துறைமுகத்தின் அரசன் கொடியவன் என்று மாலுமிகள் இறங்க அஞ்சினார்கள். புயல் வலுக்கவே, என்னை மட்டும் இறக்கிவிடுங்கள், அரசனிடம் அபயம் வாங்கித் தருகிறேன் என்றார் இப்னு பதூதா. மஃபர் சுல்தானுக்குத் தான் உறவினன் என்று காவலர்களிடம் சொல்லிச் சமாளித்தார். அது பொய்யுமல்ல. டில்லியில் அவர் மணந்த பெண்ணின் சகோதரிதான் அந்தச் சுல்தானின் மனைவி.

அவர் பத்தாளா என்று குறிப்பிடும் அந்தப் பட்டினம், மரவேலியும் மரக் கோபுரங்களும் சூழ்ந்த அழகான சிறிய ஊர். வெள்ளம் அடித்துவந்த கறுவா மரங்கள் கரையில் குன்றுபோல் குவிந்து கிடந்தனவாம். மலபார், மஃபர் வியாபாரிகள் விலையில்லாமல் அள்ளிப் போவார்கள். அரசனுக்குத் துணிமணிகளைக் கொடுப்பார்கள். எங்கள் உப்பு மணலைப் பார்ப்பவருக்கு நம்பக் கஷ்டமாகத்தான் இருக்கும்.

அரசன் யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்தி. தமிழ் இந்து மன்னன், ஆனால் பாரசீக மொழி தெரிந்தவன். மூன்று நாள் விருந்தளித்து, முத்துகளைக் காட்டி, இதைவிட நல்லதைக் கண்டதுண்டா என்று கேட்டு, விருப்பமானதைக் கேட்கச் சொன்னான். முத்து கொடுத்தான், வாங்கிக்கொண்டார். ஆனால் அவர் வாய் திறந்து கேட்டது ஒன்றுதான்: பாவாதமலையில் உள்ள திருப்பாதத்தைப் பார்க்க வேண்டும். பல்லக்கு, நான்கு யோகிகள், மூன்று பிராமணர்கள், மூட்டை சுமக்கப் பதினைந்து பேர் என்று அரசன் அனுப்பிவைத்தான். ஒரு முஸ்லிம் பயணிக்கு யோகியும் பிராமணரும் வழித்துணை. இந்தத் தீவில் யார் எப்போது வந்தவர் என்று கணக்குக் கேட்கப்படும் இந்நாளில், இந்தப் பக்கத்தை நான் திரும்பத் திரும்ப வாசிப்பேன்.

சிலாபம் வழியாகப் போய், சங்கிலிகளைப் பிடித்து மலையேறி, தெவிநுவர, காலி, கொழும்பு வழியாகப் புத்தளம் திரும்பினார். அதுவரை மாலுமிகளும் அவருக்காகக் காத்திருந்தார்கள். அந்த முத்துகள் கடைசியில் அவருக்கு மிஞ்சவில்லை. மலபார்க் கடலில் கொள்ளையர்கள் மடக்கி, உடுத்திருந்த கால்சட்டையைத் தவிர எல்லாவற்றையும் பறித்தார்கள்.

அவரை மெச்சும்போது நான் விழுங்கிவிட முடியாத ஒன்றும் இருக்கிறது. போன இடமெல்லாம் நிக்காஹ் செய்தார், புறப்படும்போது தலாக் சொன்னார். பிறகொரு முறை மாலைதீவுக்குப் போய், இரண்டு வயதான தன் மகனைப் பார்த்துவிட்டுத் தாயிடமே விட்டுவந்தார். திமிஷ்கில் விட்டுவந்த மகனை 1348இல் விசாரித்தபோது, அவன் இறந்து பன்னிரண்டு வருடம் என்றார்கள். வாப்பா வபாத்தாகிப் பதினைந்து வருடம் என்பதும் அங்கேதான் தெரிந்தது. மறு வருடம் ஊரை நெருங்கியபோது, சில மாதங்களுக்கு முன் கொள்ளைநோயில் உம்மாவும் போய்விட்டார் என்ற செய்தி வந்தது. கட்டாருக்கும் சவூதிக்கும் போன வாப்பாவைத் தொலைபேசியில் மட்டும் கண்டு வளரும் பிள்ளைகள் நம் ஊர்களில் எத்தனை பேர்! அவர்கள் வயிற்றுக்காகப் போனவர்கள். இவரோ ஆசைக்காகப் போனவர். இந்த இடத்தில் நான் அவருக்காக வாதாட மாட்டேன்.

அத்தனைக்குப் பிறகும் அவர் வீட்டில் உட்காரவில்லை. கிரானடாவுக்குப் போனார், சஹாராவைக் கடந்து மாலிக்கும் போனார். 1354இல் மொரோக்கோ சுல்தான் அபூ இனான் பயணங்களைச் சொல்லச் சொல்லி, இப்னு ஜுஸை என்ற அறிஞரை எழுத வைத்தார். கண்டதையெல்லாம் நினைவிலிருந்தே சொன்னார். மறு வருடக் கடைசியில் நூல் முடிந்தது. நம்முடைய பத்தாளாவும் அதன் மரவேலியும் அப்படித்தான் ஏட்டில் ஏறின.