வேதநாயக சாஸ்திரியார்

தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் 1774-ஆம் ஆண்டு திருநெல்வேலியில் தோன்றினார். ஷ்வார்ட்ஸ் ஐயர் இவரை இளமையிலேயே தஞ்சைக்கு அழைத்துச் சென்று கல்வி பயிற்றினார். பின்னாளில் அரசராகிய இரண்டாம் சரபோஜி ஆங்கு இவர்க்கு உடன்பயின்றவராவர்.

யூத நாட்டிலே பிறந்த வேதக்கதையைத் தமிழர் மனங்கொள்ள உரைப்பது எங்ஙனம்? 1800-ஆம் ஆண்டில் இவர் இயற்றிய பெத்லகேம் குறவஞ்சியே அதற்கு விடை. அதில் தலைவி சீயோன் குமாரி. தலைவர் பெத்லகேம் நாதர். குறி சொல்லும் குறத்தியோ விசுவாசம். பறவை பிடித்து நகை விளைக்கும் சிங்கன் ஈண்டு வேத வலை வீசி ஆன்மாக்களைப் பிடிக்கின்றான். களவாடிக் காலிழந்தவன் தன் கதையைத் தானே கூறும் நாடக வகையிலும் ஞான நொண்டி நாடகம் செய்தார்.

பின்வந்த மிஷனரிமார் சிலர் ஆராதனையில் தமிழ்ப் பாட்டையும், ஆலயத்தில் சாதிவாரியாக அமரும் வழக்கையும் ஒருங்கே மறுத்தனர். சாஸ்திரியார் இரண்டையும் காக்க வாதாடினார். பாட்டைக் காத்தமைக்கு நாம் என்றும் கடப்பாடுடையோம். ஆயின், மேடையிலே குறத்திக்கு உயர்ந்த இடம் அளித்தவர், ஆலயத்திலே எளியோர்க்குச் சமமான இடம் அளிக்க இசையாதது வருந்தற்பாலதே. அக்குறையையும் மறையாது கூறுதலே அவர்க்கு நாம் செய்யும் மரியாதை எனக் கருதுகிறோம்.

1864-ஆம் ஆண்டு தஞ்சையில் அவர் உயிர் நீத்தார். அவர்தம் கீர்த்தனைகள் நம் ஆலயங்களில் இன்றும் ஒலிக்கின்றன. அவற்றைப் பாடும் நாம் அனைவரும் ஒரே வரிசையில் அமர்ந்து பாடுவோமாக.