குக்கர் தந்த டெனிஸ் பாப்பின்

வீட்டு குக்கரும் வண்டி ரேடியேட்டர் மூடியும் ஒரே மனிதரின் யோசனையில் வேலை செய்கின்றன. அவர்தான் டெனிஸ் பாப்பின்.

1647-ல் பிரான்சில் பிறந்தார். மருத்துவம் படித்தும் மனசு எந்திரத்திலேயே இருந்தது. லண்டன் போய் ராபர்ட் பாயிலிடம் வேலை பார்த்தார். 1679-ல் இறுக மூடிய பாத்திரத்தில் நீராவியை அடைத்து எலும்பையே மெத்தென வேகவைத்தார். அழுத்தம் கூடினால் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காது. அதற்கு மேலும் சூடேறும். பாத்திரம் வெடிக்காமலிருக்க எடை தொங்கும் பாதுகாப்பு வால்வும் வைத்தார். 1690-ல் நீராவியால் பிஸ்டனை நகர்த்தும் வழியை எழுதினார். அதைப் பிறர் வளர்த்துப் பெயர் பெற்றார்கள். அவரோ 1713-ல் லண்டனில் வறுமையில் இறந்தார்.

எங்க தேவதானப்பட்டி பக்கமிருந்து கொடைக்கானல் ஏறும் வண்டிகளுக்கு இது முக்கியமான பாடம். மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறையும். கொடைக்கானலில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதிக்கும். 0.9 பார் மூடி போட்டால் சமவெளியில் சுமார் 118 டிகிரி வரை கொதிக்காது.

அதனால் பெரிய எண்தான் நல்லதுன்னு அப்பாவின் பழைய வேனுக்கு 1.1 மூடி மாட்டினேன். பாதி மலையில் ஓஸ் வெடித்தது. மூடியிலுள்ள எண்ணைப் படிக்கத் தெரிந்தவன் எங்க வீட்டில் நான் ஒருத்தன்தான்; அர்த்தம் தெரியாமல் படித்திருந்தேன்.

பாப்பின் அழுத்தத்தைக் கூட்டினார், அளவு மீறினால் வெளியேற வழியும் வைத்தார். நண்பர்களே, கம்பெனி சொன்ன எண்ணையே போடுங்க. சூட்டில் மூடியைத் திறக்காதீங்க!