மலையடிவாரத்தில் ஒரு திரைக்கூடம்

சேலத்திலிருந்து ஏற்காட்டிற்குச் செல்லும் சாலையில், சேர்வராயன் மலையின் அடிவாரத்தில், பழைய நுழைவாயில் வளைவு ஒன்று நிற்கிறது. திருச்செங்கோடு இராமலிங்கம் சுந்தரம் என்னும் டி. ஆர். சுந்தரம் நிறுவிய 'மாடர்ன் தியேட்டர்ஸ்' திரைக்கூடத்தின் எஞ்சிய சின்னம் அது.

1907ஆம் ஆண்டு பிறந்த சுந்தரம், நூல் வணிகக் குடும்பத்தைச் சேர்ந்தவர். இங்கிலாந்து சென்று நெசவுத் தொழில்நுட்பம் பயின்றவர். தமிழ்த் திரைப்படம் பேசத் தொடங்கிய காலத்தில் தயாரிப்பாளர்கள் படப்பிடிப்பிற்காகக் கல்கத்தாவிற்கும் பம்பாய்க்கும் பயணம் செய்தனர். பொருளும் காலமும் வீணாவதைக் கண்ட அவர், படத்திற்குத் தேவையான அனைத்துத் துறைகளையும் ஒரே வளாகத்தில் அமைக்கத் துணிந்தார். 1937இல் 'சதி அகல்யா' வெளிவந்தது.

நெசவாலையில் பஞ்சு படிப்படியாக ஆடையாவதுபோல, கதையும் படிப்படியாகப் படமாக வேண்டும் என்பது அவர்தம் முறை. எழுத்தாளர், நடிகர், தொழில்நுட்பக் கலைஞர் எனப் பலரும் மாத ஊதியத்தில் பணியாற்றினர். காலந்தவறாமை அனைவருக்கும் பொது விதியாயிற்று. கலைஞர்களுக்கு இக்கண்டிப்பு கடினமாகவே இருந்தது. எனினும், ஒருவரின் தாமதம் நூறு பேரின் உழைப்பைத் தேக்கிவிடும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார்.

அவ்வொழுங்கே புதுமைக்கு வழிவகுத்தது. 1938இல் மலையாளத்தின் முதல் பேசும்படமான 'பாலன்' இங்கு உருவாயிற்று. 1940இல் 'உத்தமபுத்திரன்' படத்தில் பி. யு. சின்னப்பா இரட்டை வேடம் ஏற்றார். அக்காலத்தில் அத்தகைய காட்சிக்கு வில்லையின் ஒரு பாதியை மறைத்துப் படம்பிடித்து, சுருளைப் பின்னோக்கிச் சுற்றி, மறுபாதியில் மீண்டும் படம்பிடிப்பர். நடிகரோ ஒளியமைப்பாளரோ ஒளிப்பதிவாளரோ இம்மியளவு பிழை செய்தாலும் எல்லோரின் உழைப்பும் பாழாகும்.

திறமை எங்கிருந்தாலும் அதனை வரவேற்றார் சுந்தரம். குண்டலகேசிக் கதையைத் தழுவி மு. கருணாநிதி உரையாடல் எழுத, அமெரிக்கரான எல்லிஸ் ஆர். டங்கன் சுந்தரத்துடன் இணைந்து இயக்க, ஜி. இராமநாதன் இசையமைக்க, 1950இல் 'மந்திரிகுமாரி' வெளிவந்தது. மொழியாலும் நாட்டாலும் வேறுபட்டோரை ஒரு பணியில் இணைத்த ஆற்றலுக்கு அப்படம் சான்று.

1956இல் தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' படத்தை உருவாக்கினார். கறுப்பு வெள்ளைக்குப் பழகிய கண்களுக்கு வண்ணம் புதிது, செலவும் மிகுதி. ஆடையின் நிறம், அரங்கின் பூச்சு, முக ஒப்பனை, விளக்கின் வலிமை ஆகிய நான்கும் ஒத்துப்போக வேண்டியிருந்தது. தத்தம் துறையில் தனித்து முடிவெடுத்து வந்தவர்கள் கலந்து முடிவெடுக்க வேண்டிய நிலை தோன்றியது. அம்முயற்சி வென்றது. 1961இல் 'கண்டம் பெச்ச கோட்டு' வாயிலாக மலையாளத்திற்கும் முதல் வண்ணப்படத்தை அளித்தார்.

1963இல் சுந்தரம் மறைந்தார். நூற்றுக்கும் மேற்பட்ட படங்களைத் தந்த அந்நிறுவனமும் பின்னாளில் ஓய்ந்தது. பெருநகரத்திற்கு வெளியே இருந்துகொண்டே, பலர் திறமையை ஒரு நோக்கில் இணைத்துப் பெரும்பணி ஆற்றலாம் என்பதை அம்மலையடிவார வளைவு இன்றும் உணர்த்துகிறது.