அரசப் பறவையும் வாலஸ் பெரியாரும்

கிழக்கிந்தியத் தீவுகளிலே வாழும் சுவர்க்கப் பறவைகளுக்குக் கால்களே இல்லையென ஐரோப்பிய நாட்டார் நெடுங்காலம் நம்பி வந்தனர். மகெல்லன் தொடங்கிய உலகப் பிரயாணத்தில் எஞ்சித் திரும்பிய விக்டோரியா என்னும் கப்பல் 1522-ஆம் ஆண்டு ஸ்பெயின் தேசத்தை அடைந்தபோது, அதில் வந்த அரும்பொருள்களுள் இப்பறவைகளின் உலர்ந்த தோல்களும் இருந்தன. தீவு மக்கள் தோலைப் பதப்படுத்துங்கால் கால்களை வெட்டியெறிதல் வழக்கம். இதனை அறியாதார், இவை மண்ணில் இறங்காமல் வானத்திலேயே மிதந்து பனித்துளி பருகி வாழ்வன என்று கதை கட்டினர். மலாய் வணிகர் இவற்றைக் கடவுளின் பறவை என்று பொருள்பட மானுக் தேவதா என்றழைத்தனர். அதிலுள்ள பின்மொழி நமக்கு அயலன்று. லின்னேயஸ் என்னும் பேரறிஞர் 1758-ல் உயிர்களுக்கு முறைப்படப் பெயரிட்டபோதும், பெரிய சுவர்க்கப் பறவைக்குக் காலிலி என்று பொருள்படும் பெயரையே இட்டார்.

இப்பறவைகளை அவை வாழும் காட்டிலேயே கண்டு எழுதிய ஐரோப்பியர் முன்னாளில் மிகச் சிலரே. அவருள் தலைசிறந்தவர் ஆல்பிரட் ரஸ்ஸல் வாலஸ் ஆவார். டார்வினுடைய பெயருடன் சேர்த்தே இவருடைய பெயரை நம் மாணவர் கேட்டிருப்பர். அப்பெருமையை விட்டு, ஒரு சிறு பறவையைப் பற்றி நின்றே இவர்தம் வாழ்க்கையைச் சொல்லப் புகுந்தோம்.

வாலஸ் 1823-ஆம் ஆண்டு ஜனவரி 8-ஆம் நாள் வேல்ஸ் நாட்டெல்லையில் அஸ்க் என்னும் ஊரருகே பிறந்தார். தந்தையார் பொருளிழந்தமையால் 14 வயது நிரம்புமுன்னரே பள்ளியை விட நேர்ந்தது. தமையனாருடன் நிலமளந்து திரிந்த நாட்களிலே செடி கொடிகளில் கருத்தூன்றினார். 1844-ல் லெஸ்டர் நகரில் உபாத்தியாயராக இருந்தபோது பேட்ஸ் என்னும் இளைஞரின் நட்புக் கிடைத்தது. 1848-ல் இருவரும் அமெஸான் காடுகளுக்குச் சென்றனர். இவர்களுக்குச் சர்க்காருடைய பொருளுதவி இல்லை. கிடைக்கும் உயிர்களைப் பதப்படுத்தி லண்டனிலுள்ள தரகருக்கு அனுப்பினால், அவர் விற்றுப் பணம் தருவார்; அதுவே பிழைப்பு.

அமெஸான் இவருக்குக் கொடியதாக முடிந்தது. பின்னர் வந்து சேர்ந்த தம்பி காய்ச்சலால் மாண்டார். 1852-ல் ஊர் திரும்புங்கால் நடுக்கடலிலே கப்பல் தீப்பற்றி, நான்காண்டு உழைப்பின் பெரும்பகுதி கண்ணெதிரே சாம்பலாயிற்று. சிறு படகிலே பத்து நாள் மிதந்து உயிர் தப்பினார். இவ்வளவு பட்டவர் வீட்டோடு அமைந்திருப்பார் என்றே எவரும் எண்ணுவர். இவரோ இரண்டாண்டு செல்லுமுன் சிங்கப்பூருக்குக் கப்பலேறினார். 1854 முதல் 1862 வரை மலாய்த் தீவுக்கூட்டத்தில் ஏறக்குறைய 14,000 மைல் பிரயாணம் செய்து, 1,25,660 உயிர்ப் பொருள்களைச் சேர்த்தார்.

நியூகினிக்குத் தென்மேற்கே அரு என்னும் தீவுகள் உள்ளன. மக்காஸர் வணிகர் ஆண்டுதோறும் மேல்காற்றோடு அங்கே போய்க் கீழ்காற்றோடு மீள்வர். 1856 டிசம்பரில் அவர்தம் மரக்கலம் ஒன்றில் வாலஸ் ஏறினார். தளத்தின்மேல் மூங்கிலும் ஓலையுமாகக் கட்டிய சிறு குடிலே அவருக்கு அறை. அதைக்காட்டிலும் சுகமான கடற்பிரயாணம் தமக்கு வாய்த்ததில்லை என்று பின்னர் எழுதினார். தம் 34-ஆம் பிறந்தநாளன்று டோபோ என்னும் வணிகத் துறையில் இறங்கினார். கடற்கொள்ளைக்காரர் நடமாட்டத்தால் மார்ச்சு மாதம் வரை உள்நாட்டிற்குச் செல்ல முடியவில்லை. சென்றபோதும் முதற் சில நாட்கள் அடைமழை. மனம் சோர்ந்திருந்த வேளையில், ஏவலனாகிய பதெரூன் என்னும் மக்காஸர் இளைஞன் ஒரு பறவையைக் கொணர்ந்து கையிலே வைத்தான்.

அதுதான் அரசப் பறவை. சுவர்க்கப் பறவைகள் அனைத்தினும் சிறியது; உடல் ஆறரை அங்குலமே இருக்கும். முதுகும் சிறகும் ஜாதிலிங்கச் சிவப்பு. கண்ணாடியை இழையாக நூற்றாற் போன்ற பளபளப்பு. தலையிலே அந்நிறம் ஆரஞ்சாக மாறி, மயிர்கள் குறுகிப் பட்டுப்போலப் படியும். வயிறு தூய வெண்மை. சிவப்பும் வெண்மையும் கூடுமிடத்தில் மார்பின் குறுக்கே பசும்பொன் மினுக்குடைய ஒரு பட்டை. கண்ணுக்கு மேல் அதே பச்சையில் ஒரு பொட்டு. அலகு மஞ்சள், காலோ கருநீலம். இந்நிறங்களெல்லாம் ஒரு கைப்பிடிக்குள் அடங்கியிருத்தலை நினைமின்!

இத்துடன் முடியவில்லை. மார்பின் இருபுறமும் சாம்பல் நிறத்த இறகுக் கொத்துக்கள் சிறகின்கீழ் மறைந்திருக்கும். நுனிகள் மரகதப் பச்சை. பறவை விரும்புங்கால் அவற்றை இரண்டு விசிறிகளாக விரிக்கும். வாலின் நடுவிலிருந்து இரண்டு கம்பி போன்ற காம்புகள் ஐந்தங்குல நீளம் பிரிந்து வளைந்து, நுனியில் மட்டும் மென்மயிர் சுருண்டு பச்சைப் பொத்தான்களாக அசையும். உலகத்தில் அறியப்பட்ட எண்ணாயிரம் பறவை வகைகளுள் இத்தகைய விசிறியும் இத்தகைய வாற்கம்பியும் வேறெதனிடத்தும் சேர்ந்து காணப்படவில்லை என வாலஸ் வியந்தார்.

இச்சேவல் மிக உயர்ந்த மரங்களை நாடாது. இடைத்தரமான கிளைகளிலே ஓயாது தாவி, கொட்டையுள்ள பழங்களை விழுங்கும், பூச்சிகளையும் உண்ணும். அடிக்கடி சிறகுகளைப் படபடவென்றடித்து மார்பு விசிறியை விரிக்கும். பெட்டையோ மேலே பழுப்பு, கீழே வரிவரியான மங்கல். ஒருசேரக் கண்டார் இரண்டையும் வேறு சாதியெனவே கொள்வர்.

அரு மக்களுக்கு இது நித்தியம் காணும் பறவை. நம்மூர்ச் சிறுவன் கொண்டைக்குருவியைக் காண்பது போலத்தான் அவர்கள் அதைக் கண்டனர். ஆதலின் இறந்த பறவையைக் கையிலேந்தி வாலஸ் மெய்ம்மறந்து நின்றது அவர்களுக்கு வேடிக்கையாயிற்று. இங்கிலாந்து என்னும் பெயர் அவர்தம் நாவில் நுழையவில்லை. அத்தகைய பெயருள்ள நாடே இராது, இவர் உண்மையை மறைக்கிறார் என்று ஐயுற்றனர். பதப்படுத்தி அடுக்கும் இவ்வுயிர்களெல்லாம் இவருடைய ஊர் சேர்ந்ததும் மீண்டும் உயிர்பெற்றெழும் என்று ஒரு முதியவர் முடிவு கட்டினார். இதைப் படித்து நாமும் நகைத்தோம். ஆயினும், வெறும் தோலுக்காக ஒருவன் கடல் கடந்து வருவான் என்பதை நம்புதலினும் அவர் கொண்ட முடிவு அறிவுக்குப் பொருந்தியதன்றோ என்று பின்னர்த் தோன்றியது.

அந்நாளில் வாலஸின் உள்ளத்தில் எழுந்த எண்ணம் அவர்தம் வாழ்நாள் முழுதும் நின்றது. எண்ணிறந்த தலைமுறைகளாக இவ்வழகு காண்பாரின்றி இருண்ட காட்டிலே பிறந்து மறைந்து வந்தது. நாகரிக மனிதர் இங்கே வந்து குடியேறினாலோ காடு குலையும். அழகை அறிந்து மகிழத்தக்க அவராலேயே பறவை அழியும். இவ்விரண்டையும் சேர்த்தெண்ணிய அவர், உயிர்களெல்லாம் மனிதனுக்காகவே படைக்கப்பட்டன என்னும் கொள்கை பொருந்தாது எனத் துணிந்தார். ஒவ்வோர் உயிரும் தன் வாழ்வைத் தனக்காகவே வாழ்கிறது என்று எழுதினார்.

இதனை எழுதியவர் அப்பறவைகளைச் சுடுவித்துத் தோலை விற்று வாழ்ந்தவர் என்பதை நாம் மறைக்கவேண்டியதில்லை. அவர் நூலிலே இவ்வியப்பும் துப்பாக்கியும் ஒரே பக்கத்தில் வருகின்றன. அக்காலத்தார் யாவரும் அவ்வாறே செய்தனர் எனல் ஒருவாறு சமாதானமாகும், முழுச் சமாதானமாகாது. ஆனால் உடனிருந்த பிற வேட்டைக்காரருக்குத் தோன்றாத கேள்வி இவருக்குத் தோன்றிற்று என்பதையும் உடன் சொல்லுதல் வேண்டும்.

பூச்சிக்கடியால் கால்கள் புண்ணாகி, நடக்கவும் இயலாமல் பல நாள் குடிசையில் அடைபட்டுக் கிடந்தபின், ஜூலையில் மக்காஸருக்குத் திரும்பினார். மறுவருஷம், 1858-ல், மலுக்குத் தீவுகளிலே குளிர்காய்ச்சலில் நடுங்கிக் கிடக்கையில், வாழ்க்கைப் போரில் தகுதியுள்ளவை எஞ்சி வேறுபடுகின்றன என்னும் கருத்து அவருக்கு உதித்தது. அதைக் கட்டுரையாக்கி டார்வினுக்கு அனுப்பினார். ஜூலை 1-ஆம் நாள் லின்னேயன் சங்கத்தில் இருவர் எழுத்தும் சேர்த்துப் படிக்கப்பெற்றன. அச்செய்தி பிற நூல்களில் விரிவாக உளது. அவ்வாண்டின் பிற்பகுதியில் பச்சான் தீவிலே, அலி என்னும் மலாய் இளைஞன் அதுவரை எவரும் எழுதாத வேறொரு சுவர்க்கப் பறவையைச் சுட்டு வந்தான். அது வாலஸ் பெயரால் வழங்குகிறது. கண்டெடுத்த அலியின் பெயர் அதில் இல்லை.

1862-ல் ஊருக்குப் புறப்படுகையில் சிங்கப்பூரில் உயிருள்ள சிறிய சுவர்க்கப் பறவைகள் இரண்டனை 100 பவுன் கொடுத்து வாங்கினார். அவற்றிற்குக் கரப்பான்பூச்சியில் பெருவிருப்பம். வாலஸ் ஒவ்வொரு கப்பலிலும் இரவில் கரப்பான் வேட்டையாடினார். மால்ட்டாவில் ஒரு ரொட்டிக் கிடங்கிலிருந்து தகரப் பெட்டிகளில் நிரப்பிக்கொண்டார். இரண்டும் நலமே லண்டன் சேர்ந்து, ஒன்று ஓராண்டும் மற்றது ஈராண்டும் உயிர்பிழைத்தன. பிரயாணக் கதையை 1869-ல் வெளியிட்டு டார்வினுக்கே உரிமையாக்கினார்.

அதன்பின் அரை நூற்றாண்டு இப்பறவைகளுக்குக் கெட்ட காலம். காட்டைத் திருத்தும் குடியேற்றத்தை வாலஸ் அஞ்சினார். வந்ததோ மேனாட்டுப் பெண்மணியரின் தொப்பி. தொப்பியிற் சூட ஆயிரமாயிரமாகத் தோல்கள் லண்டனிலும் பாரிஸிலும் ஏலம் போயின. அமெரிக்க நாடு 1913 அக்டோபரில் இறகு இறக்குமதியைத் தடுத்தது. அடுத்த மாதம் 7-ஆம் நாள் வாலஸ் தமது 90-ஆம் வயதில் காலமானார். பிரிட்டன் 1921-ல் சட்டம் செய்தது. அரசப் பறவை அழியவில்லை. அரு தீவுகள் இன்று இந்தோனீசியாவைச் சேர்ந்தவை; அங்கும் நியூகினியின் தாழ்நிலக் காடுகளிலும் அது பரவலாகவே வாழ்கிறது.

இன்னுமொன்று சொல்லவேண்டியுளது. சேவலின் அழகைப் பெட்டையே தேர்ந்து தேர்ந்து வளர்த்தது என்றார் டார்வின். வாலஸ் இதனை ஒப்பவில்லை. கூட்டிலே அமர்ந்து அடைகாக்கும் பெட்டை பகைவர் கண்ணிற் படாதிருக்கவே மங்கல் நிறம் பெற்றது என்றார். கூடு திறந்திருந்தால் பெட்டை மங்கல். பொந்திலும் மறைவிலும் கூடு கட்டும் சாதியிலோ பெட்டையும் ஒளிநிறம் பெறும் எனப் பல நூறு பறவைகளைக் காட்டி ஒரு விதி வகுத்தார். அப்பொழுது அரசப் பறவையின் கூட்டை அவர் கண்டதில்லை. பிற்காலத்தார் தேடிக் கண்டனர். சுவர்க்கப் பறவைகளுள் மரப்பொந்திலே கூடு கட்டுவதாக அறியப்பட்டது இஃதொன்றே. அவரை மெய்ம்மறக்கச் செய்த அச்சேவலின் பெட்டை, எவர் கண்ணும் படாத பொந்தின் இருளில், அவர் விதிக்கு மாறாக, அதே பழுப்பு நிறத்தோடு அடைகாத்து வருகிறது.