சிந்தனைச் சிற்பி சிங்காரவேலர்

வண்ணாரப்பேட்டை, இராயபுரம், தண்டையார்பேட்டை முதலிய வடசென்னைப் பகுதிகள் உழைப்பாளர் மிகுந்தவை. துறைமுகத்தில் மூட்டை சுமந்தோரும், ஆலைகளில் பாடுபட்டோரும் அங்கு நெருங்கி வாழ்ந்தனர். வறுமையில் வாடும் மக்கள், தம்மைக் காப்பதாகக் கூறி வருவோரை எளிதில் நம்பிவிடுவர். அந்நம்பிக்கையை ஏணியாகக் கொண்டு தாம் உயர்வோர் சிலர்; மக்கள் உயர்வதற்குத் தாமே ஏணியாகுவோர் வேறு சிலர். பின்னவருள் ஒருவரே ம. சிங்காரவேலர்.

இவர் 1860ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 18ஆம் நாள் சென்னையில் மீனவர் குடும்பத்தில் பிறந்தார். சட்டம் பயின்று வழக்கறிஞரானார். ஒத்துழையாமை இயக்கம் எழுந்தபோது, 1921-இல் தம் வழக்கறிஞர் அங்கியைப் பலர் முன்னிலையில் தீயிட்டு, வருவாய் மிக்க அத்தொழிலைத் துறந்தார். அவ்வாண்டில் பெரம்பூர் ஆலைத் தொழிலாளர் வேலை நிறுத்தம் செய்தபோது அவர்கட்குத் துணை நின்றார். 1923-இல் சென்னைக் கடற்கரையில் மே நாள் விழாவை நடத்தினார். இந்தியாவில் முதன்முதலாக நடந்த மே நாள் விழா அதுவே. 1925-இல் கான்பூரில் கூடிய பொதுவுடைமையர் மாநாட்டிற்குத் தலைமை தாங்கினார். 1928-இல் தென்னிந்திய இரயில்வேத் தொழிலாளர் போராடியபோது, அறுபத்தெட்டு வயது முதியவரான இவரும் சிறை புகுந்தார். 1930-இல் விடுதலை பெற்றார். பிறரைத் துன்பத்தில் தள்ளித் தாம் ஒதுங்கி நிற்கும் இயல்பு இவரிடம் இல்லை.

காந்தியடிகளிடம் இவர் பெருமதிப்புக் கொண்டிருந்தார். எனினும் கருத்து மாறுபட்டபோது அதனைத் திறந்த மடல்களில் எழுதத் தயங்கவில்லை. பெரியாருடன் சேர்ந்து தொண்டாற்றினார். மாறுபாடு தோன்றியபோது அதனையும் மறைக்கவில்லை. தாம் எவரையும் கண்மூடிப் பின்பற்றாதவர், பிறர் தம்மைக் கண்மூடிப் பின்பற்றுவதை விரும்புவாரோ? இல்லந்தோறும் தம் படத்தை மாட்டச் சொல்லவில்லை. அறிவியற் கருத்துகளை எளிய தமிழில் எழுதி, எதனையும் ஆராய்ந்து ஏற்குமாறு மக்களைப் பழக்கினார். 1946-இல் இவர் மறைந்தார். சென்னை இராசாசி சாலையிலுள்ள மாவட்ட ஆட்சியர் அலுவலகக் கட்டடம் இவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

மாணவர்களே! புரட்சி பேசுவோர் அனைவரும் தலைவராகார். கேள்வி கேட்போரைப் பகைவராகக் கருதி, அடியாரை மட்டும் விரும்புவோர் மக்களுக்குப் புதிய விலங்கையே பூட்டுவர். நம் அறிவை விழிக்கச் செய்து, நம்முடன் துன்பத்தையும் ஏற்பவரே உண்மைத் தலைவர். சிங்காரவேலர் வாழ்க்கை நமக்கு உணர்த்தும் பாடம் இதுவே.