கூலியை உரிமையாக்கிய அண்ணல்

கடனா நதி பாயும் ஆழ்வார்குறிச்சி வட்டாரத்திலும், தாமிரவருணிப் பாசன நிலமெங்கும் காரும் பிசானமும் விளைவித்தவர்கள் நம் முன்னோர். களத்துமேட்டில் நெல் அளக்கும்போது அவர்களுக்குக் கிடைத்த கொத்து, அளப்பவரின் மனத்தைப் பொறுத்தே அமைந்தது. கூடுதலாகக் கிடைத்தால் தயவு என்றனர். குறைந்தால் தலைவிதி என்றனர். அந்தக் கூலியைச் சட்டத்தின் பாதுகாப்பில் நிற்கும் உரிமையாக்க உழைத்தோருள் முதன்மையானவர் டாக்டர் பீமராவ் ராம்ஜி அம்பேத்கர். அரசியல் சட்டத்தை வகுத்த மேதையாக அவரை நாம் போற்றுகிறோம். உழைப்பவரின் கூலிக்காக அவர் ஆற்றிய பணியோ போதிய அளவு அறியப்படவில்லை.

அண்ணல் அவர்கள் 1891 ஏப்ரல் 14-ஆம் நாள் மௌ என்னும் படைமுகாம் ஊரில், இராணுவ சுபேதாராக இருந்த ராம்ஜி சக்பாலுக்குப் பதினான்காவது மகவாகப் பிறந்தார். பள்ளியில் தனியே சாக்குத் துணியில் அமர்ந்து கற்ற அச்சிறுவர், பரோடா மன்னரின் உதவித்தொகையால் 1913-இல் அமெரிக்கா சென்று கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் பயின்றார். பின்னர் இலண்டனில் 1923-இல் டி.எஸ்ஸி. பட்டமும் பெற்றார். சாதி என்பது தீண்டாமையோடு முடியும் கொடுமையல்ல. யார் எந்த வேலை செய்வது, யாருக்கு எவ்வளவு கிடைப்பது என்பதையும் அதுவே தீர்மானிக்கிறது என்னும் தெளிவை அவருடைய பொதுவாழ்வு முழுவதிலும் காண்கிறோம்.

அவர் பிறந்த மகர் சமூகத்தார் கிராமத்துக்கும் அரசுக்கும் இரவு பகலாக ஊழியம் செய்தனர். அதற்கு ஈடாகச் சிறுதுண்டு நிலமும், ஊரார் தரும் தானியமும் கிடைத்தன. வத்தன் எனப்பட்ட இம்முறை, வேலைக்கு வரம்பும் கூலிக்கு உறுதியும் இல்லாத பரம்பரை அடிமைத்தனம் என்பதை உணர்ந்த அண்ணல், அதனை மாற்ற 1928-இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் மசோதா கொணர்ந்தார். அம்முறை ஒழிந்ததோ அவர் மறைந்த பின்னரே.

நகரத்து ஆலைகளிலும் இதே நிலைதான். பம்பாய்ப் பஞ்சாலைகளில் கூலி மிகுந்த நெசவுப் பகுதியில் தாழ்த்தப்பட்டோர்க்கு இடமில்லை. அறுந்த நூலை வாயில் வைத்து ஈரப்படுத்த நேரும். அதனால் தீட்டு ஒட்டிவிடும் என்று பிற சாதித் தொழிலாளர் மறுத்தனர். குறைந்த கூலிப் பகுதிகளே நம்மவர்க்கு எஞ்சின. 1928-இல் பெரும் வேலைநிறுத்தம் நடந்தபோது, இத்தடையை நீக்குவதும் கோரிக்கையாக வேண்டுமென அண்ணல் தொழிற்சங்கத் தலைவர்களை வற்புறுத்தினார். முதலாளி செய்யும் அநீதியோடு தொழிலாளிக்குத் தொழிலாளி செய்யும் அநீதியையும் அவர் சுட்டிக்காட்டினார்.

1936-இல் சுதந்திரத் தொழிலாளர் கட்சியைத் தோற்றுவித்தார். 1937-இல் கொங்கணப் பகுதியின் கோட்டி நிலமுறையை ஒழிக்க மசோதா கொணர்ந்தார். 1938 ஜனவரியில் ஆயிரக்கணக்கான உழவர்கள் அவர் தலைமையில் பம்பாய்ச் சட்டமன்றம் நோக்கி அணிவகுத்தனர்.

1942 ஜூலையில் வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை அவரிடம் வந்தது. அரசு, முதலாளி, தொழிலாளி ஆகிய முத்தரப்பினரும் ஒரே மேசையில் அமரும் மாநாடுகள் நிலைபெற்றன. ஆலைத் தொழிலாளரின் வார வேலைநேரம் 54 மணியிலிருந்து 48 மணியாகக் குறைக்கப்பட்டது. 1946 ஏப்ரல் 11-ஆம் நாள் குறைந்தபட்சக் கூலி மசோதா மத்திய சட்டமன்றத்தில் அறிமுகமாயிற்று. விடுதலைக்குப் பின், தாழ்த்தப்பட்ட சமூகத்தின் மற்றொரு பெருமகனான பாபு ஜெகஜீவன் ராம் தொழிலாளர் அமைச்சராயிருந்தபோது, 1948 மார்ச்சில் அது சட்டமாக நடைமுறைக்கு வந்தது.

பேரம் பேசும் வலிமையற்ற தொழில்களே அச்சட்டத்தின் அட்டவணையில் இடம்பெற்றன. பீடி, அரிசி ஆலை, தோட்டத் தொழில், கல் உடைத்தல், தோல் பதனிடுதல், விவசாயம் ஆகியன அவற்றுட் சில. நம் வட்டாரத்து வயல்களிலும் வீட்டுத் திண்ணைகளில் பீடி சுற்றும் பெண்கள் மடியிலும் இவ்வட்டவணையின் பயன் சேர வேண்டியிருந்தது. நிர்ணயித்த கூலிக்குக் குறைவாகப் பெறத் தொழிலாளியே சம்மதித்துக் கையொப்பமிட்டாலும் அந்த ஒப்பந்தம் செல்லாது என்பது அச்சட்டத்தின் உயிர்நாடியாக இருந்தது. பசித்தவனின் சம்மதம் உண்மைச் சம்மதமாகாது என்பதே இதன் உட்பொருள். பின்னர் 2019-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஊதியச் சட்டத் தொகுப்பிலும் இவ்விதி இடம்பெற்றுள்ளது.

எனினும், சட்டம் வந்தவுடன் களத்துமேட்டின் மரக்கால் மாறிவிடவில்லை. விவசாயக் கூலியை நிர்ணயிப்பதற்கான காலக்கெடு மீண்டும் மீண்டும் நீட்டிக்கப்பட்டது. இத்தகைய இடைவெளியை அண்ணல் முன்னரே உணர்ந்திருந்தார். 1949 நவம்பர் 25-ஆம் நாள் அரசியல் நிர்ணய சபையில், வாக்கில் சமத்துவமும் வாழ்வில் ஏற்றத்தாழ்வும் நெடுநாள் சேர்ந்திருக்க முடியாதென எச்சரித்தார். வாழ்வதற்கேற்ற ஊதியம் அரசின் கடமையாக அரசியல் சட்டத்தின் 43-ஆம் பிரிவில் இடம்பெற்றது. 1956 டிசம்பர் 6-ஆம் நாள் அவர் மறைந்தார்.

அவர் விதைத்தது பின்னரும் விளைந்தது. குறைந்தபட்சக் கூலிக்கும் குறைவாகக் கொடுத்து வேலை வாங்குவது அரசியல் சட்டம் தடைசெய்த கட்டாய உழைப்பே என்று உச்சநீதிமன்றம் 1982-இல் தீர்ப்பளித்தது. ஆயினும் 1999 ஜூலை 23-ஆம் நாள், மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் கூலி உயர்வு கேட்டுத் திருநெல்வேலியில் நடத்திய ஊர்வலத்தின்மீது போலீஸ் தடியடி நடந்தது. பெண்களும் குழந்தையும் உட்பட 17 பேர் தாமிரவருணியில் மாண்டனர். கூலி கேட்பதற்கு நம் மண்ணில் கொடுக்கப்பட்ட விலை அது.

ஆகவே இளைஞர்களே, அண்ணலின் படத்துக்கு மாலை சூட்டுவதோடு அமையாதீர்கள். அரசு நிர்ணயித்துள்ள கூலி எவ்வளவு என்பதைக் கேட்டறியுங்கள். அதனை எழுத்தறியாத பெற்றோர்க்கும் அண்டை வீட்டார்க்கும் படித்துச் சொல்லுங்கள். குறைவாகக் கிடைக்கின், மனு எழுதித் தொழிலாளர் துறை அலுவலகத்துக்குத் துணை செல்லுங்கள். கற்ற கல்வி களத்துமேட்டுக்குப் பயன்படும் நாளே அண்ணலுக்கு நாம் எடுக்கும் உண்மையான விழாவாகும்.