பேராசிரியர் லட்சுமி நரசு

பண்டித அயோத்திதாசரின் பெயரை அறியாத பௌத்த இல்லம் நம்மிடையே இல்லை. அவர் காலத்தில் அதே சென்னையில் வாழ்ந்து, பௌத்தத்தை அறிவின் உரைகல்லில் உரைத்துக் காட்டிய பேராசிரியர் லட்சுமி நரசுவை அறிந்தோரோ மிகச் சிலர். அக்குறை நீங்கவே அவர் வரலாற்றை ஈண்டுச் சுருங்க வரைகின்றோம்.

1861இல் பிறந்த இப்பெரியார் பௌதிக நூல் வல்லுநர். சென்னைக் கிறித்துவக் கல்லூரியிலும் பின்னர்ப் பச்சையப்பன் கல்லூரியிலும் பணியாற்றினார். சோதித்துப் பாராது எதனையும் ஏற்கலாகாது என்பது பௌதிக நூலின் நெறி. அந்நெறியையே அவர் சமயத்திற்கும் உரியதாக்கினார். பண்டிதர் பண்டைத் தமிழ் நூல்களிலும் மக்கள் வழக்கங்களிலும் பௌத்தத்தைத் தேடினார். பேராசிரியரோ பகுத்தறிவின் வழியே அதனை அடைந்தார்.

பண்டிதர் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கிய 1907ஆம் ஆண்டிலேயே, ‘பௌத்தத்தின் சாரம்’ எனப் பொருள்படும் பேராசிரியரின் ஆங்கில நூலும் வெளிவந்தது. புத்தர் கடவுளல்லர், கடவுளின் தூதருமல்லர், மெய்யுணர்ந்த மனிதரே என்பதனை அது நிலைநாட்டிற்று.

ஆன்மா இல்லையெனில், முற்பிறப்பின் வினை இப்பிறப்பில் எவரைப் பற்றும்? இவ்வினாவை அவர் அஞ்சாது எதிர்கொண்டார். உடல்விட்டு உடல் பாயும் உயிர் ஒன்றில்லை; நம் செயல்களின் பயனே நமக்குப் பின்வரும் மக்களிடத்தும் சமுதாயத்தினிடத்தும் தொடர்கின்றது என்றார். முன்செய்த தீவினையால் தாழ்ந்த குலத்தில் பிறந்தாய் என்று நம் முன்னோரை நோக்கிக் கூறப்பட்ட பழிச்சொல் இவ்விடத்தே வேரற்று வீழ்வதைக் காண்க! 1922இல் சாதியைப் பற்றித் தனிநூல் ஒன்றும் இயற்றி, அதற்கு அறிவியலின் ஆதாரம் யாதுமில்லை எனக் காட்டினார்.

1934இல் பேராசிரியர் மறைந்தார். அவர் நூலும் கிடைத்தற்கு அரிதாயிற்று. அதனை மீண்டும் ஒளிபெறச் செய்தது நாம் வாழும் இந்நகரமே. 1948இல் டாக்டர் அம்பேத்கரின் முன்னுரையோடு அந்நூல் பம்பாயில் மறுபதிப்பாக வெளிவந்தது. பௌத்தத்தை அறிய நல்ல நூல் யாதென வினவியோர்க்கு டாக்டர் அதனையே சுட்டினார். எட்டாண்டுகள் கழித்து, 1956 அக்டோபர் 14ஆம் நாள், நாகபுரியில் இலட்சக்கணக்கான மக்களோடு அவர் தம்மத்தைத் தழுவினார். 1957இல் வெளிவந்த ‘புத்தரும் அவர் தம்மமும்’ என்னும் அவர் நூலிலும் வினையைப் பற்றிய அவ்வினா மீண்டும் எழுப்பி ஆராயப்படுகின்றது.

கோவண்டியில் நம் சிறுவர்கள் வந்தனம் சொல்லப் பழகுகின்றனர், அது நன்று. ஆயினும் ஏன், எவ்வாறு என அவர்கள் வினவும்போது நாம் வாயடைத்தல் தகாது. வினவுதலும் தம்மமே என்பதற்குப் பேராசிரியரின் வாழ்வே சான்று.